மீன்பிடிப் பூனைக்கு நான்கு எல்லை

காலை ஆறே முக்காலுக்குச் சிவானந்தன் வலது கையில் பிளேன்ரீயும் இடது கையில் கைப்பேசியுமாகப் பல்கனியில் நின்று, ஒரு சிறுத்தையைப் பெருவிரலால் மேலே தள்ளிவிடுகிறார். அடுத்து ஒரு யானைக்குட்டி. அதையும் தள்ளுகிறார். அதற்கடுத்து ஒரு கரடி, வாய் நிறையப் பாலைப்பழம், கீழே பொன்னிற எழுத்தில் 'எனது கிளிக்'. பெருவிரல் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. கோப்பை பல்கனிக் கட்டின்மேல் இறங்குகிறது, கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்குகிறது. "பாலேஸ், வந்திட்டுது ஒண்டு," என்று உள்ளே குரல் கொடுக்கிறார். குசினிக்குள் இடியப்பம் பிழிந்துகொண்டிருக்கும் மனைவி பாலேஸ்வரிக்கு வந்தது எதுவென்று கேட்கத் தேவையில்லை. "ஆற்றயோ கரடிக்கு ஆரோ தகப்பன். முதல்ல தேத்தண்ணியக் குடியுங்கோ," என்கிறார். தேத்தண்ணி ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும். அந்த வீட்டில் அது நாளாந்த நடப்பு.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் இருக்கிறார் சிவானந்தன். கீழே றெயில் போனால் கோப்பை கிலுங்கும். உப்புக்காற்றில் பல்கனிக் கம்பி துருப்பிடித்து, சாய்ந்தால் சேட்டில் கோடு விழும். வயது அறுபத்து மூன்று. ஆள் மெலிவு, குரல் மட்டும் பருமன். நீதிமன்றங்கள் நிறைந்த புதுக்கடையில், பத்திரம் எழுதுகிற ஒரு நொத்தாரிசிடம் முப்பத்து நாலு வருடம் எழுதுவினைஞராக இருந்துவிட்டு இளைப்பாறியவர். அங்கே அவருடைய வேலை உறுதி, அதாவது காணிப் பத்திரம், தேடுவது. காணி வாங்கியவர்களுக்கு அது என்னவென்று தெரியும். இன்றைக்கு விற்கிறவர் யாரிடம் வாங்கினார், அந்த யார் எவரிடம் வாங்கினார், அதற்கு முன் எவர் என்று ஒவ்வொரு உறுதியாகப் பின்னே நடந்து, கடைசியில் தாய் உறுதியில் போய்க் கையை வைக்க வேண்டும். பதிவுக் கந்தோரின் பழைய புத்தகங்களில் தூசி தட்டித் தட்டியே அவருக்கு மூக்கடைப்பு நிரந்தரமாகிவிட்டது. ஆனால் தாய் உறுதி கிடைக்கிற அந்த நிமிடம் இருக்கிறதே, அதற்கு ஈடு வேறு எதுவும் இல்லை என்பார்.

இளைப்பாறிய பிறகு தேடக் காணியில்லை. தவித்துப்போனார் மனுசன். அந்த நேரம் பார்த்து யாரோ அவரை 'ஈரநில நண்பர் வட்டம்' என்ற பேஸ்புக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். நாலாயிரம் பேர், நாள் ஒன்றுக்கு நாற்பது படம். புலி, மான், மயில், மலைப்பாம்பு, எல்லாம் வரும். எடுத்தவர் பெயர்தான் வராது, வந்தாலும் வேறு யாருடைய பெயராகவாவது இருக்கும். சிவானந்தனுக்குக் கண் மின்னியது. இது காணி அல்லவா! ஒருவருடைய வளவுக்குள் இன்னொருவர் போய் மதில் கட்டி, படலைக்குத் தன் பெயரையும் போட்டுவிட்டு, எப்படி என் வளவு என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்!

அன்றிலிருந்து பிடித்த பிடிதான். ஒரு படத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் வேறு எங்கெல்லாம் கிடக்கிறது என்று தேடித் தருகிற வசதியைப் பக்கத்து வீட்டுக்காரர் காட்டிக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் அவர் காட்டியதையும் தாண்டிப் போய்விட்டார் சிவானந்தன். வட்ஸ்அப்பில் வந்தது ஒரு பக்கத்திலிருந்து, அந்தப் பக்கம் எடுத்தது சென்னைப் பக்கம் ஒன்றிலிருந்து, அது எடுத்தது வேறெங்கிருந்தோ என்று உறுதி தேடுகிற அதே நடை. நீளக் கடதாசியில் கோடு போட்டு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம். இதுவரை அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம், ரோஸ் நிற நாடாவால் கட்டி, அலுமாரியில் பாலேஸ்வரியின் கூறைச் சேலைக்கு மேலே இருக்கிறது.

வில்பத்துக் காட்டில் எடுத்தது என்று ஊரெல்லாம் சுற்றிய ஒரு சிறுத்தையை அவர் தென்னாபிரிக்காவில் ஒரு அம்மாவின் பக்கம் வரை துரத்திப் போய்ப் பிடித்தார். அந்த அம்மாவுக்குப் புதுக்கடை இங்கிலிஷில், 'தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில்' என்கிற தோரணையில் ஒன்றரைப் பக்கம் எழுதினார். இரண்டு வரியில் நன்றி வந்தது. அதை அச்செடுத்து, பிளாஸ்ரிக் உறையில் போட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். வீட்டுக்கு எண்ணெய் கொண்டுவருகிற காந்தியண்ணைக்குக்கூடக் காட்டினார்.

குழுவில் இவருக்கு யாரும் பதவி கொடுக்கவில்லை. தானே எடுத்துக்கொண்டார். படம் விழுந்தால் முதலாவது கருத்து இவருடையது: "தாய் உறுதி எங்க?" சிலர் சிரிப்பார்கள், சிலர் எரிந்து விழுவார்கள். வடிவான படம் என்று நாலு பேருக்குக் காட்டினால் குற்றமா என்று ஒருவர் கேட்டதற்கு, காட்டலாம், எடுத்தவரைக் கேட்டுவிட்டு, அவர் பெயரைச் சொல்லிவிட்டுக் காட்டலாம் என்று பதில் எழுதினார். பட்டனை அழுத்தியவருக்குத்தான் படம் என்பது அவர் வாயில் தேய்ந்த வசனம். காணியைப் பதிய வேண்டும். படத்தைப் பதியத் தேவையில்லை, எடுத்த கணத்திலேயே எடுத்தவருக்கு உரித்து வந்துவிடும் என்று சட்டத்தையும் விளக்குவார். இவ்வளவும் தெரிந்த மனுசன்தான் பிறகு சறுக்கி விழுந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சிவானந்தன் காட்டுக்கே போனதில்லை. யால என்றால் ஜீப்பில் முதுகு போய்விடும் என்பார். உயிரோடு அவர் பார்த்த ஒரே சிறுத்தை தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில், அதுவும் நித்திரையில்.

மாசி மாதக் கடைசியில் றுஷ்னா என்ற பெண் குழுவில் ஒரு படம் போட்டார். அத்திடிய சதுப்பில் விடியற்காலை. நெஞ்சளவு தண்ணீரில் ஒரு மீன்பிடிப் பூனை. வாயில் துள்ளுகிற திலாப்பியா மீன், மீசையில் நீர்த்துளி, கண் நேரே பார்க்கிறவரின் கண்ணில். பார்த்தவர்கள் வாய் பிளந்துவிட்டார்கள். கொழும்பு நகரத்தின் விளிம்பில், பஸ் ஹோர்ன் கேட்கிற தூரத்தில் இப்படியொரு சீவன் இருக்கிறதா என்று ஒரே ஆரவாரம். மூன்றாவது மணித்தியாலத்தில் ஒருவர் வந்து, இது முன்பே பார்த்த படமாயிற்றே என்றார்.

சிவானந்தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார். பதினொரே நிமிடம்! நுகேகொடையில் இருக்கும் சயந்தன் என்பவரின் பக்கத்தில் அதே பூனை, அதே மீன், 'எனது கிளிக்' என்ற எழுத்தோடு. திகதி மாசி ஐந்து. றுஷ்னா போட்டது மாசி இருபத்தேழு. இனியென்ன? ஒரே காணிக்கு இரண்டு உறுதி வந்தால் முதலில் பதிந்தது நிற்கும். முப்பத்து நாலு வருடம் மூளையில் ஊறிய கணக்கு, விரல் தன்பாட்டில் தட்டியது: 'முதற் பதிவு சயந்தன். பின்னைய பதிவுக்கு உரித்து இல்லை.'

நூற்று நாற்பது பேர் விருப்பம் போட்டார்கள். கள்ளி என்று எழுதினார்கள். அதைவிட மோசமாகவும் எழுதினார்கள். றுஷ்னா எழுதியது ஒரே வரி: "நான்தான் எடுத்த." பிறகு குழுவை விட்டே போய்விட்டார். கள்ளர் அப்படித்தான் நழுவுவார்கள் என்று சிவானந்தனுக்கு உச்சி குளிர்ந்தது. அன்று பின்னேரம் காலி வீதிக்கு இறங்கிப் போய் எட்டு உழுந்து வடை வாங்கி வந்து, நாலைத் தானே சாப்பிட்டார்.

பங்குனியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வட்டத்தின் தலைவர் இரத்தினசிங்கம் கோல் எடுத்தார். இளைப்பாறிய பொறியியலாளர், பேச்சில் சிக்கனம். ஹெவ்லொக் டவுனில் ஒரு மண்டபத்தில் நாளைக்கு வட்டத்தின் படக் கண்காட்சி தொடங்குகிறது என்றார். வாசலில் நுழைந்ததும் எதிரே தொங்கப் போகிற பெரிய படம் அந்த மீன்பிடிப் பூனை. தெரிவு செய்யும்போது எடுத்தவர் றுஷ்னா என்று குறித்திருந்தார்கள். இப்போது யாரோ சிவானந்தனின் கருத்தை வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். நிர்வாகக் குழு கூடி முடிவெடுத்துவிட்டது.

"உங்கட அறிக்கை நாலு மணிக்குள்ள எழுத்தில வரவேணும்," என்றார் இரத்தினசிங்கம். "வந்தால் அந்தப் பிள்ளையின்ர பெயரை எடுத்துப்போட்டு சயந்தனின்ர பெயரைப் போடுறம். இனி எந்தக் கண்காட்சிக்கும் அவவ எடுக்கிறேல்ல எண்டும் முடிவு."

தலைகால் தெரியவில்லை சிவானந்தனுக்கு. எழுத்தில் அறிக்கை! கேட்டிருக்கிறார்கள்! குளித்தார், நீறு பூசினார், வெளியே போகாதபோதும் வெள்ளை சேட் போட்டுக்கொண்டார். நீளக் கடதாசியை மேசையில் விரித்து, அடிமட்டம் வைத்து ஓரம் விட்டு, தலைப்பை எழுதி இரண்டு தரம் அடிக்கோடு இட்டார். இரத்தினசிங்கம் இரண்டு படத்தையும் அனுப்பியிருந்தார், கண்காட்சிக்கென்று றுஷ்னா கொடுத்ததையும், சயந்தன் பக்கத்தில் இருந்ததையும்.

எந்த உறுதி அறிக்கையும் நான்கு எல்லை இல்லாமல் தொடங்காது. வடக்கே யார் காணி, கிழக்கே எந்த ஒழுங்கை என்று முதலில் எழுதினால்தான் காணி எதுவென்று தெரியும். அளவைப் படத்தில் மேல்பக்கம் வடக்கு. பழக்கம் விடவில்லை, பூனைக்கும் எழுதினார். சயந்தனின் படம்: வடக்கே பன்புல், கிழக்கே தண்ணீர், தெற்கே பூனையின் நிழல், மேற்கே பூனையின் வால், முக்கால்வாசி. பிறகு றுஷ்னாவின் படத்தை எடுத்தார். வடக்கே பன்புல். கிழக்கே, தண்ணீருக்கும் அப்பால், பாதி அமிழ்ந்த லொறி டயர். தெற்கே நிழல். மேற்கே வால். முழு வால். வாலுக்கும் அங்காலே ஒரு புல் நுனி, அதில் ஒரு தும்பி.

பேனை நின்றது.

பூதக்கண்ணாடியை எடுத்தார். பழைய உறுதிகளில் அழிந்த கையெழுத்து வாசித்த அதே கண்ணாடி. மறுபடி பார்த்தார். சயந்தனின் படத்தில் டயரும் இல்லை, தும்பியும் இல்லை, வால் நுனியும் இல்லை. தாய்க்காணியிலிருந்து துண்டு பிரிக்கலாம். துண்டிலிருந்து தாய்க்காணி எந்தக் காலத்திலும் முளைக்காது! சயந்தனிடம் இருப்பது வெட்டின துண்டு. தாய்க்காணி றுஷ்னாவிடம். இவர் திகதியைப் பார்த்தார், படத்தைப் பார்க்கவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதிய மனுசன் படத்தைப் பார்க்கவேயில்லை.

கன்னம் இரண்டும் சுட்டது. வடை சாப்பிட்டது வேறு ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. "பாலேஸ், நான் ஒரு பிள்ளையைக் கள்ளியாக்கிப் போட்டன்," என்றார். கறி தாளித்துக்கொண்டிருந்த பாலேஸ்வரி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து மேசையைப் பார்த்தார், புருசனைப் பார்த்தார். "அப்ப ஏன் இன்னும் இருக்கிறியள்?" என்றார்.

றுஷ்னா தெஹிவளையில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார் என்று இரத்தினசிங்கத்திடம் கேட்டு அறிந்துகொண்டார். அறிக்கை எங்கே என்று அவர் கேட்டதற்கு, வருகிறது, ஆனால் நீங்கள் நினைக்கிறது வராது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இரண்டிரண்டு படியாக நாலு மாடியும் இறங்கி, காலி வீதிக்கு ஓடி, நிற்காத பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தினார். வெள்ளிக்கிழமை வாகன நெரிசல். பஸ் ஆமையாக ஊர்ந்தது. கடிகாரம் பதினொன்றரை. நீளக் கடதாசிக் கட்டை மார்போடு பிடித்தபடி மிதிபலகையிலேயே நின்றார், இருக்கை காலியாகியும் இருக்கவில்லை.

கடையில் வெள்ளை மேலங்கியும் பர்தாவும் போட்ட, முப்பத்தெட்டு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஒருவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தார். சிவானந்தன் வாயைத் திறக்குமுன், இருங்க அங்கிள், அடுத்தது நீங்க என்று அவரைக் கதிரையில் இருத்தி, ஒரு கண்ணை மூடச் செய்து, எதிரே எழுத்துப் பலகையைக் காட்டினார். கேட்டால் வாசித்துவிடுவது சிவானந்தனின் பிறவிக் குணம். மேல் வரி வாசித்தார். அடுத்தது வாசித்தார். நெற்றி வியர்க்க வியர்க்க ஆறு வரி வாசித்தார்.

"கடைசி வரி?"

"தெரியேல்ல," என்றார். பிறகு மூடியிருந்த கையை எடுத்துவிட்டு, "பிள்ளை, நான் சிவானந்தன்," என்றார்.

றுஷ்னாவின் கையில் இருந்த வில்லை அப்படியே நின்றது. "நீங்கதானா அந்த 'உரித்து இல்லை'?"

ஓம் என்றார். எழும்பி நிற்பதா இருப்பதா என்று தெரியாமல் அரைவாசியில் நின்றார். பிறகு கடதாசிகளை அவிழ்த்து, டயரையும் தும்பியையும் வால் நுனியையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். நாலு மணிக் கதையையும் சொன்னார், பெயர் மாற்றப் போகிறார்கள் என்பதையும் மறைக்கவில்லை. றுஷ்னா அடுத்து வந்தவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, பின்பக்க அறையிலிருந்து தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து திறந்தார்.

இருநூற்றுப் பதின்மூன்று படம்! அதே காலை, அதே பூனை. புல்லுக்குள்ளிருந்து மூக்கு மட்டும் தெரிகிறது. பிறகு முகம். தண்ணீரின் ஓரத்தில் குந்துகிறது. காத்திருக்கிறது. பாய்கிறது, தவறுகிறது. மீண்டும் பாய்கிறது, மீண்டும் தவறி, நனைந்து, கோபத்தோடு தலையை உதறுகிறது. நூற்று நாற்பத்தெட்டாவது படத்தில் மீன் வாயில். அதற்குப் பிறகும் அறுபத்தைந்து படம், திரும்பிப் போகிறது, வால் மறைகிறது, அசைகிற புல் மட்டும் இருக்கிறது. ஒரு கண்ணி விடாத தொடர் உறுதி! முப்பத்து நாலு வருடத்தில் இவ்வளவு சுத்தமான உறுதியைச் சிவானந்தன் பார்த்ததில்லை. கதிரை விளிம்பில் வந்து, திரையை விரலால் தொட்டுத் தொட்டு, "பாருங்கோ, பாருங்கோ, இதில தவற விட்டிட்டுது! ஐயோ, இதில பிடிச்சிட்டுது!" என்று ஆர்ப்பரிக்கத் தொடங்கிவிட்டார். காத்திருந்த இரண்டு பேரும் எழும்பி வந்து எட்டிப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்க வந்தவர் என்பது அவருக்கே மறந்துபோயிற்று.

நாற்பது நாள் போனதாம். சுபஹு தொழுதுவிட்டு ஸ்கூட்டரில் போய், சதுப்பின் ஓரத்தில் நுளம்புக்கடிக்குள் இருந்துவிட்டு, எட்டரைக்குக் கடைக்கு வந்துவிடுவாராம். முப்பத்தொன்பது நாள் வெறுங்கை. எடுத்த அன்று சந்தோசம் தாங்காமல் ஓரம் வெட்டிய சின்னப் படம் ஒன்றைச் சொந்தக்காரரின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். பெரியதை நன்றாகத் திருத்திப் போடலாம் என்று மூன்று கிழமை வைத்திருந்தார். அதற்குள் சின்னது நுகேகொடைக்குப் போய்விட்டது.

"இவ்வளவும் வச்சுக்கொண்டு ஏன் பிள்ளை ஒண்டும் சொல்லேல்ல?" என்று சிவானந்தன் கேட்டார்.

"நீங்க கேக்கவே இல்லையே அங்கிள்," என்றார் றுஷ்னா. "திகதியப் பாத்தீங்க, தீர்ப்புச் சொன்னீங்க. எல்லார்கிட்டயும் தாய் உறுதி கேக்கிற ஆள், என்கிட்ட மட்டும் கேக்கல்ல."

உண்மை. நூற்றுக்கணக்கான பேரிடம் கேட்ட கேள்வி, கேட்க வேண்டிய இடத்தில் வாயில் வரவில்லை. சிவானந்தன் கண்ணாடியைக் கழற்றிச் சேட் நுனியால் துடைத்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது. "பிழை என்ர," என்றார். "எல்லாருக்கும் முன்னால சொன்னனான். எல்லாருக்கும் முன்னாலயே திருத்திறன்."

"திருத்துங்க," என்றார் றுஷ்னா. "ஆனா நான் பாவம் எண்டு எழுத வாணாம். எடுத்தவர் எண்டு எழுதுங்க, அதுவே காணும்."

சிவானந்தன் அங்கேயிருந்தே சயந்தனுக்குக் கோல் எடுத்தார். சயந்தன் மிரளவும் இல்லை, மறைக்கவும் இல்லை. யாரோ அனுப்பியதுதான், என் போனில் இருந்த படம் என் படம்தானே அங்கிள் என்று சாவகாசமாகக் கேட்டார். "உங்கட மதிலில வந்து குந்தின காகம் உங்கடயோ?" என்று சிவானந்தன் போட்ட சத்தத்தில், கண்ணாடிச் சட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் திடுக்கிட்டுத் திரும்பினார். பத்து நிமிடத்தில் சயந்தன் பக்கத்திலிருந்து பூனை காணாமல் போயிற்று. அது போகுமுன் ஒரு பிரதி எடுத்து வைக்கச் சிவானந்தன் மறக்கவில்லை.

பிறகு கண்ணாடிக் கடை மேசையில், வில்லைகளை ஒதுக்கிவிட்டு, அறிக்கையை எழுதினார். இரண்டு படத்தின் நான்கு எல்லையும் அருகருகே. முன்னும் பின்னுமாக இருநூற்றுப் பன்னிரண்டு படம் பரிசீலிக்கப்பட்ட விவரம். எடுத்தவர் றுஷ்னா என்று கொட்டை எழுத்தில். கடைசிப் பந்தியில் கொஞ்ச நேரம் பேனையைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினார்: 'முன்னைய அறிவித்தல் பிழை. படத்தைப் பாராமலும் எடுத்தவரைக் கேளாமலும் அப்பிழையைச் செய்தவர் கீழே ஒப்பமிடுபவர்.' ஒப்பமிட்டார். மூன்று நாற்பதுக்கு இரத்தினசிங்கத்துக்குப் படம் பிடித்து அனுப்பி, மூன்று நாற்பத்திரண்டுக்குக் குழுவிலும் போட்டார். மூன்று நாற்பத்தைந்துக்கு முதலாவது கருத்து விழுந்தது: "அண்ணை, தாய் உறுதி எங்க?" அதற்கும் ஒரு விருப்பம் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மண்டபத்தின் கதவு திறந்தது. எதிரே பூனை. ஆளுயரம். மீசைத் துளி ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு. கீழே வெள்ளை அட்டையில் 'படம்: றுஷ்னா'. உள்ளே வருகிறவர்களின் கால் அந்த இடத்தில் தானாக நின்றது. சிவானந்தன் பாலேஸ்வரியையும் கூட்டி வந்திருந்தார். பூனையை விட்டுவிட்டு மேற்கு எல்லையில் நின்று, "இந்தா, தும்பி. இதுதான் நான் சொன்ன தும்பி," என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். றுஷ்னா தன் உம்மாவோடு வந்தார். சிவானந்தனைக் கண்டு தலையசைத்தார். சிரிப்பு முழுதாக வரவில்லை, ஆனால் வந்தது.

மத்தியானம் தேத்தண்ணி முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுப்போம் என்றார் இரத்தினசிங்கம். பெரிய படத்துக்கு முன்னால் நடுவில் றுஷ்னா, சுற்றிவரப் பதினைந்து பேர். எல்லோருமே படத்துக்குள், எடுக்க ஆளில்லை. மண்டபம் துடைக்கிற பெண் வாளியோடு அந்தப் பக்கம் போனார். யாரோ கையைத் தட்டிக் கூப்பிட்டார்கள். அவர் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, சிவானந்தனின் கைப்பேசியை வாங்கி, இரண்டடி பின்னால் போய், ஒரு காலை மடக்கிக் குனிந்து, கரையில் நின்றவர்களை நெருங்கி நிற்கும்படி கையால் தள்ளிக் காட்டினார். அழுத்தினார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

படம் அருமையாக வந்திருந்தது. அத்தனை பேரும் கண் திறந்திருந்தார்கள், பூனையின் வால் நுனிகூட வெட்டுப்படவில்லை. உடனே குழுவில் போடச் சொல்லி இரத்தினசிங்கம் அவசரப்படுத்தினார். சிவானந்தன் படத்தைத் தெரிந்தார், 'கண்காட்சி ஆரம்ப நாள்' என்று தட்டினார், அடுத்த வரியில் 'படம்:' என்று தட்டினார். பெருவிரல் அந்தரத்தில் நின்றது. நிமிர்ந்து மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். "இப்ப எங்க போறியள்?" என்று பாலேஸ்வரி கேட்கக் கேட்க, ஆட்களை விலக்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் ஓடினார்.

அந்தப் பெண் படிக்கட்டில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். சிவானந்தன் மூச்சு வாங்க நின்று, "நங்கி, நம மொகத்த?" என்று சிங்களத்தில் பெயர் கேட்டார். ஏதோ முறைப்பாடு என்று பயந்தவர், "சாமினி" என்றார். முழுப்பெயர் வேண்டும் என்றார் சிவானந்தன். அவர் தயங்கித் தயங்கி முழுவதையும் சொன்னார். சிவானந்தன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, சிங்கள எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டி, கைப்பேசியை அவர் பக்கம் திருப்பிப் பிடித்து, சரியா என்று பார்க்கச் சொன்னார்.